சித்தூரில் இருந்தது குதிரையின் முன்பாதி

பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரக்கூடிய வெளிநாடுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆந்திரம். பஸ் பலகையைப் படிக்கத் தெரியாது, பேச்சு பாதிதான் புரியும், சாப்பாட்டில் காரம் கண்ணீரை வரவழைக்கும். வெளிநாட்டில் இருக்கிறோம் என்று ஒருவனுக்கு உறைக்க இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு குதிரையின் முன்பாதியைத் தேடிப் போனேன்.

பின்பாதி என் வீட்டில் இருக்கிறது. பெரம்பூரில், கூடத்துச் சுவரில், டிவிக்கு மேலே.

விளக்கிவிடுகிறேன். எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ராஜாக்கள் வீர விளையாட்டு விழா நடத்துவார்கள். இரும்புக் கவசம் மாட்டிய வீரர்கள் குதிரைமேல் ஊர்வலமாக வருவார்கள். இரும்புக்குள் இருப்பது யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கேடயத்திலும் கொடியிலும் குதிரைக்குப் போர்த்திய துணியிலும் குடும்பச் சின்னத்தை வரைந்துகொள்வார்கள். சிங்கம், கழுகு, மீன் என்று வம்சத்துக்கு ஒன்று. முன்னால் ஒருவன் பேரும் பட்டமும் கூவிக்கொண்டு போவான். நம் ஊர்க் கட்டியக்காரன்தான், தொப்பி மட்டும் வேறு. பல நூறு வருஷம் கழித்து யாரோ இந்த ஊர்வலங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்தார்கள். வண்ண அச்சு வராத காலம் என்பதால், ஒவ்வொரு தாளுக்கும் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் பூசி விற்றார்கள். அந்தப் பழைய தாள்களைத்தான் நான் சேர்க்கிறேன். சேர்த்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதீர்கள். என் மனைவி வசந்தி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

என்னிடம் இருப்பதில் ஒரு ஊர்வலம் மட்டும் தொடர்வண்டி மாதிரி. தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் நீளத்துக்கு ஓடும். அதில் எல்லாத் தாளும் கிடைத்துவிட்டது, முதல் தாளைத் தவிர. அதனால் என் வீட்டு ஊர்வலம் சிவப்புத் துணி போர்த்திய ஒரு குதிரையின் பின்புறத்தில் தொடங்குகிறது. வயிற்றின் நடுவில் வெட்டுப்பட்டு, முன்னால் ஒன்றும் இல்லை.

"காலையில எழுந்தா குதிரையோட பின்பக்கத்துலதான் முழிக்கணுமா?" என்பாள் வசந்தி. ஐந்து வருஷமாக அதில்தான் முழிக்கிறாள். கடைசியில் பொறுமை தீர்ந்துபோயிற்று. "வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம். எல்லாப் படத்தையும் கழட்டு. முன்பக்கம் வந்துச்சுன்னா திரும்ப மாட்டு. வரலைன்னா மொத்த ஊர்வலமும் பரணுக்குத்தான்."

இந்த நேரத்தில்தான் தாமுவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு தோசை வந்தது. தாமு என் பழைய அறைத்தோழன். ஸ்ரீ சிட்டியில் ஃபேக்டரி வேலை. வாரக்கடைசியில் சித்தூர் மாமியார் வீட்டுக்குப் போவான். சாப்பிடுவதையெல்லாம் படமெடுத்து அனுப்பாவிட்டால் அவனுக்குச் செரிக்காது. தோசைக்குப் பின்னால் புகை படிந்த சுவர். சுவரில் ஒரு சட்டம். சட்டத்துக்குள் சிவப்புத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரையின் முன்பாதி.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் கட்டம் கட்டமாகச் சிதறும்வரை பார்த்தேன். என் தாளில் ஓரிடத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பூசியவர் அந்த நேரம் யாரையோ திரும்பிப் பார்த்திருப்பார் போல. அந்த வழிசல் தாளின் விளிம்பில் முடிகிறது. சித்தூர் படத்தில் அது விளிம்பில் தொடங்குகிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பிரிந்துபோன ஜோடி! ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். குதிரை என்று எப்படி எழுதுவது?

முதல் நாள்

நான் வழுக்கை. வேண்டுதல் ஒன்றும் கிடையாது, அப்பா வழிச் சொத்து. சென்னையில் யாரும் மதிக்காத இந்தத் தலைக்கு ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் மரியாதையே தனி. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த தெலுங்கு ஒரே வார்த்தை, 'அவுனு'. ஆமாம் என்று அர்த்தம். எதற்கும் அதையே சொல்லிச் சமாளிப்பது என் வழக்கம்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர் என் பையையும் தலையையும் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். "அவுனு" என்றேன். ஏறச் சொன்னார். உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பமே மடியில் மடியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் தலையைக் காட்டித் தன் கணவரிடம் பேசினாள். தமிழும் தெரிந்த அந்த மனிதர் எனக்காக மொழிபெயர்த்தார்: "திருப்பதியில முடி குடுத்துட்டு நேரா பிள்ளையாரப் பாக்க வர்றீங்க. பக்தின்னா இதான்னு சொல்றா."

எந்தப் பிள்ளையார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஊர் முடிந்து வயல் வந்துவிட்டது. ஆட்டோ நின்ற இடம் காணிப்பாக்கம்.

வந்ததற்கு வரிசையில் நின்றேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர் போனவர். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பவே மாட்டான் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நம்பிக்கை. குடியை விடுவதாகச் சத்தியம் செய்யப் புருஷன்மாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு முன்னால் அப்படி ஒரு ஜோடி. புருஷன் குளித்த ஈரத்தோடு நின்றபடி மனைவியிடம் தெலுங்கில் குசுகுசுத்தான். ஆட்டோவில் கூட வந்த நண்பர் என் காதில் தமிழாக்கினார்.

"பீரும் சேர்த்தியான்னு கேக்கிறான்."

"அவ என்ன சொல்றா?"

"பீரும் சேர்த்திதான்."

குங்குமப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. குதிரை தேடிக் கிளம்பியவன் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தது நல்ல சகுனம்தான் என்று தேற்றிக்கொண்டேன்.

தாமு சொன்ன டிபன் கடை பஜார் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. நாலு பெஞ்சு, ஒரு தோசைக்கல். கல்லுக்குப் பின்னால் செங்கம்மா. ஐம்பதைத் தொட்டவர், எல்லைக் கிராமத்துத் தமிழ்க் குடும்பம். ஒரே சமயத்தில் ஒரு வாடிக்கையாளரைத் தெலுங்கிலும் இன்னொருவரைத் தமிழிலும் அதட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு மிளகாய்க் காரம் தடவிய தோசை வந்தது. கூட வேர்க்கடலைச் சட்னி. சென்னையில் காரத்தைச் சட்னியில் வைப்பார்கள், வேண்டாமென்றால் ஒதுக்கிவிடலாம். இங்கே தோசைக்குள்ளேயே வைத்து மடித்துவிடுகிறார்கள், தப்பிக்க வழியில்லை. முதல் வாயிலேயே மூக்கு ஒழுகிற்று. இருந்தும் கண்ணை எடுக்கவில்லை. சுவரில் அவர் இருந்தார். முகத்தை மூடிய இரும்புத் தொப்பி, உருவிய வாள், சிவப்புத் துணி தரையைத் தொடும் வெள்ளைக் குதிரை. தொப்பியின் நெற்றியில் பளிச்சென்று நாமம்.

நாமமா? தாமுவின் படத்தில் அந்த இடத்தைக் கண்ணாடியின் பளபளப்பு மறைத்திருந்தது. இருநூறு வருஷத்துத் தாளில் யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள்!

"இன்னா சார், தோச ஆறிப்போவுது. சாமிய அப்பறமா பாக்கலாம், மொதல்ல துன்னுங்க."

"அது என்ன சாமிம்மா?"

"நல்லா கேட்டீங்க. மொட்ட போட்டுக்கினு வந்துகீறீங்க, சாமி பேரு தெரியல. கல்கி சார், கல்கி அவதாரம்."

என்னிடம் ஒரு சொற்பொழிவு தயாராக இருந்தது. வசந்தி கேட்க மறுத்த சொற்பொழிவு. "இல்லம்மா. இது வெள்ளைக்காரங்க நாட்டுப் படம். அந்தக் காலத்துப் போர்வீரன்…" என்று ஆரம்பித்தேன்.

"வெள்ள குதிர இருக்குதா?"

"இருக்கு."

"கையில கத்தி கீதா?"

"கீது… இருக்கு."

"கேடயத்துல இன்னா போட்டுக்குது? நல்லா பாருங்க."

பார்த்தேன். காட்டுப்பன்றி. அந்த வீரனின் குடும்பச் சின்னம் அது.

"வராக சாமி," என்றார் செங்கம்மா தோசையைத் திருப்பியபடி. "திருமலயில மொதல்ல வராக சாமியத்தான் கும்புடணும், அப்பறந்தான் பெருமாள். அத்தான் முன்னால புடிச்சிக்கினு வராரு. மூஞ்சி ஏன் மூடிக்கீதுன்னா, காட்டறதுக்கு நேரம் வரல."

பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இருந்தாலும் விடவில்லை. "இது உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க நைனா பங்களா இடிக்கிற வேலைக்குப் போனாரு. பழைய தொரை பங்களா. குப்பையில கெடந்துச்சி, எட்தாந்தாரு."

"அதான் சொல்றேன், வெள்ளைக்காரன் வீட்டுப் படம்."

"உங்க கையில அமெரிக்கா போனு கீது. நீங்க இன்னா அமெரிக்காவா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. கடைசியாக, எனக்கு ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றிய ஒன்றைச் சொன்னேன். "அப்ப ஏம்மா குதிரை பாதியோட நிக்குது?"

செங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "கல்கி இன்னும் வரல இல்ல சார்? இனிமேதான வரணும்? வந்துக்கினே கீறாரு. பாதி வந்துட்டாரு, மீதி வரல."

இந்த இடத்தில் அறிவுள்ளவன் எழுந்து கைகழுவப் போயிருப்பான். நான் போனை எடுத்து என் வீட்டுச் சுவரைக் காட்டினேன். "இதோ பாருங்க, மீதி என்கிட்ட இருக்கு."

நான் எதிர்பார்த்தது வியப்பு. வந்தது பீதி.

"ஐயையோ! இன்னா சார் இது! வால் வரைக்கும் வந்துட்ச்சே! எங்க கீது இது?"

"பெரம்பூர்ல."

"பெரம்பூர் வரைக்கும் வந்துட்டாரா!"

விஷயம் இதுதான். செங்கம்மாவின் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் காணி நிலம் கிடையாது. இப்போதுதான் கிராமத்தில் சொந்தமாக இடம் வாங்கி வீடு கட்டுகிறார். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. கல்கி முழுசாக வந்துவிட்டால் கலியுகம் முடிந்தது, உலகமும் முடிந்தது. அதனால் தினமும் விளக்கேற்றி அவர் வைக்கும் பிரார்த்தனை ஒன்றுதான். "வா சாமி, ஆனா மெதுவா வா. கிரகப்பிரவேசம் ஆவட்டும்."

இந்த நிலைமையில் பின்பாதிக்காரன் ஒருவன் வந்து முன்பாதியைக் கொடு, ஒட்டிவிடுகிறேன் என்றால் யார் கொடுப்பார்கள்? கேட்டுத்தான் பார்த்தேன். "சாமிய விக்கறதா?" என்று ஒரே கேள்வியில் முடித்தார். நான் நகரவில்லை. இன்னொரு தோசை சொன்னேன், அதற்குமேல் இன்னொன்று. கண்ணீரோடு அந்த மூன்றாவதை விழுங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"இதோ பாருங்க சார். சாமி மாட்ன ஆணி காலியா இருக்கக்கூடாது. இதே சாமி வேணும். வெள்ள குதிர, கத்தி எல்லாம் இருக்கணும். முக்கியமா, முழுசா வந்திருக்கக்கூடாது. அந்த மாதிரி கொண்ணாந்தீங்கன்னா அப்பறம் பேசலாம்."

என்னைக் கடையை விட்டுக் கிளப்பத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்

சாமி படம் வேண்டுமென்றால் திருப்பதிக்குப் போகாமல் வேறெங்கே போவது? பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஆனால் தலையைப் பார்த்ததும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் கொஞ்ச நேரம் என் பையையே பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்: "லட்டு எங்க?"

"இல்லீங்க."

"மொட்ட போட்டிருக்கீங்க, லட்டு வாங்கலயா?"

லட்டு இல்லாத மொட்டையைத் திருப்பதி வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை போலும். மீதி வழி முழுக்க அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கோவிந்தராஜசாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் படக்கடைகளுக்குக் குறைவில்லை. வெங்கடேசப் பெருமாள் தீப்பெட்டி அளவிலிருந்து ஆள் உயரம் வரை இருக்கிறார். விளக்கு எரியும் பெருமாள், நகரும்போது தாயாராக மாறும் பெருமாள், கார் டேஷ்போர்டில் ஒட்டும் பெருமாள். கல்கி என்று கேட்டால் மட்டும் கடைக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொள்ள யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று என் பின்னால் பார்க்கிறார்கள். ஒருவர் தசாவதாரப் படத்தைக் காட்டி, கடைசி மூலையில் கட்டைவிரல் அளவில் நின்ற கல்கியைத் தொட்டு, "ஒன்பது ஃப்ரீ" என்றார். இன்னொருவர் பிரம்மோற்சவத்தில் பெருமாள் குதிரை வாகனத்தில் கல்கியாக வரும் போட்டோ கொடுத்தார். அருமையான படம். கொடி, குடை, தீவட்டி, முன்னால் யானை. எந்த ஐரோப்பிய ராஜாவின் ஊர்வலமும் இதன்முன் வார்டு கவுன்சிலர் ஊர்வலம்தான். ஆனால் குதிரை வால் நுனிவரை முழுசாக வந்து நிற்கிறதே! செங்கம்மா கதவைச் சாத்திவிடுவார்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். "தரிசனம் ஆயிந்தா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அவுனு" சொன்னேன். மலையை அண்ணாந்து பார்த்து, குதிரை முடியட்டும், வருகிறேன் என்று கும்பிட்டேன். மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோங்கூரா பச்சடியும் பருப்பும் நெய்யும். சென்னையில் சாம்பார் வாளியோடு வருபவர் நம் இலையைப் பார்க்காமலே ஊற்றிவிட்டுப் போவார். இங்கே பருப்புப் போட்டவர் நான் பிசைந்து முதல் வாய் சாப்பிடும்வரை நின்று பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகுதான் அடுத்த இலைக்குப் போனார்.

சாயங்காலம் ஒரு சந்துக் கோடியில் பாபு என்கிற ஃப்ரேம் கடைக்காரர் கிடைத்தார். அரக்கோணத்துக்காரர், பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். பரணில் கைவிட்டு, அவதாரத்துக்கு ஒன்றாகப் போட்ட பழைய தசாவதாரக் காலண்டரை இறக்கினார். கடைசித் தாளில் கல்கி தனியாக, பெரிதாக, வெள்ளைக் குதிரையோடு, வாளோடு! எனக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றிற்று.

"பாதியா வெட்டிக் குடுங்க," என்றேன்.

பாபு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாமிய வெட்ட மாட்டேன், சாமி. இந்தத் தெருவுல யாரும் வெட்ட மாட்டாங்க. எங்க தொழில்ல கத்தி பலகைக்குத்தான், படத்துக்கு இல்ல. சட்டத்துக்குப் பெருசா இருந்தா பின்பக்கம் மடிச்சு வைப்போம்."

"அப்ப குதிரையோட பின்னாடிப் பாதியை மடிச்சு வைங்க."

"எதுக்கு?"

செங்கம்மா கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலை வைத்துக்கொண்டு தீவிரமாக யோசித்தார். "அந்தம்மா சொல்றது கரெக்டுதான். எனக்கும் வூட்டு லோன் இருக்குது. இன்னொரு காலண்டர் கெடச்சா நானும் ஒண்ணு மடிச்சு மாட்டிக்கிறேன்."

மடித்தார். குதிரையின் பின்பாதி அட்டைக்குப் பின்னால் பத்திரமாகப் போயிற்று. கல்கி சட்டத்தின் ஓரத்திலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறவர் மாதிரி நின்றார்.

மூன்றாம் நாள்

காலை நெரிசல் அடங்கட்டும் என்று காத்திருந்து படத்தைப் பிரித்துக் காட்டினேன். செங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், பின்பக்கம் திருப்பி மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டலயே?"

"சத்தியமா வெட்டல. உள்ளதான் இருக்காரு."

"மெய்யாலுமே கொண்ணாந்துட்டியே, அண்ணா," என்றார். சார் போய் அண்ணா ஆனதும் எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "நான் இத்தினி வருசம் கும்புட்டது அந்தச் சட்டத்த, அந்தக் கண்ணாடிய. இத்த கழட்டிட்டு அத்த மாட்னா வேற ஊட்டு சாமி மாதிரி இருக்குமே."

"அப்ப சட்டமும் கண்ணாடியும் உங்களுக்கு. தாள் மட்டும் எனக்கு. ஆணியில இருக்கறது ஆணியிலயே இருக்கட்டும்."

அடுப்பில் ஏதோ தீயும்வரை யோசித்தார். பிறகு குறடு எடுத்துவந்தார்.

பெஞ்சில் பேப்பர் விரித்துச் சட்டத்தைக் குப்புற வைத்தோம். நான் ஆணிகளைப் பிடுங்கினேன். எனக்கு இருந்த பயம் நாமம் மட்டுமல்ல. பழைய அச்சுப் படங்களைச் சட்டத்துக்கு அடக்க ஓரத்தை வெட்டிவிடுவார்கள். தகடு அழுந்திய தடமும் அடியில் இருக்கும் பொடி எழுத்தும் போய்விடும். ஓரம் போன தாளும் காது போன ஊசியும் ஒன்றுதான். அட்டையைத் தூக்கினேன். அடுத்த தாளோடு சேரும் பக்கம் தவிர, மற்ற மூன்று பக்கமும் ஓரம் அப்படியே பின்னால் மடிந்து கிடந்தது. எந்த ஊர் பாபுவோ, எப்போதோ, சாமியை வெட்டக்கூடாது என்று மடித்து வைத்திருக்கிறார்! வெறும் குதிரைக்காரன் என்று தெரிந்திருந்தால் கத்தி போட்டிருப்பார்.

தாளைத் தூக்கியபோது இன்னொரு அதிசயம். நாமம் வரவில்லை. சந்தனம், குங்குமம், நாமம் எல்லாமே கண்ணாடிமேல்தான் இருந்தன. அந்த வீரன் துடைத்துவிட்ட மாதிரி வெறும் நெற்றியோடு வந்தான். செங்கம்மா எட்டிப் பார்த்தார்.

"நாமம் இல்லாம பாத்தா யாரோ மாதிரிதான் கீறான்," என்றார் மெல்ல. ஒரு நொடி எனக்கு ஏன்தான் கழற்றினேன் என்று இருந்தது.

பாபுவின் கல்கியை அந்தக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, சட்டத்தை மூடி, ஆணியில் மாட்டினோம். பார்த்தால், கண்ணாடியில் இருந்த நாமம் கல்கியின் நெற்றிக்கு வரவில்லை. ஒரு சாண் தள்ளி, குதிரையின் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

போச்சு, எல்லாம் போச்சு. செங்கம்மா தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"குதிரையும் பெருமாள் குதிரதான?" என்று சொல்லி விளக்கேற்றினார்.

தாளை அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். கிளம்ப எழுந்தபோது கையை நீட்டி மறித்தார். "இரு அண்ணா. ஊட்டுக்குப் போனதும் ஒட்டிடுவ, இல்ல? சத்தியம் பண்ணு. நான் சொல்ற வரைக்கும் ரெண்டயும் சேக்க மாட்டேன்னு."

"பண்றேன்மா."

"சும்மா வாயால இல்ல. காணிப்பாக்கம் போய்ப் பண்ணணும்."

"முந்தாநாள்தான் போனேன்," என்றேன் பெருமையாக. பையைத் துழாவிக் குங்குமப் பொட்டலத்தைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் பொட்டலத்தைப் பிரித்து இலைமேல் வைத்தார். "கை வெய்யி. நடுவுல நாலு வெரலு சந்து வுடணும்."

சுவரில் ஊர்வலம் ஒட்டி ஓடுவதற்காகத்தானே இத்தனை பாடும்? "ரெண்டு விரல் போதாதா?" என்றேன்.

"நாலு."

அந்த ஈரத் துணிக்காரன் நினைவுக்கு வந்தான். பீரும் சேர்த்திதான். கையை வைத்தேன். சிரித்துக்கொண்டே வைக்கலாம் என்று நினைத்தேன். பிள்ளையார் பேரைச் சொன்னதும் பெஞ்சில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அட்டைக் கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்து வந்து கட்டையும் மொட்டையையும் பார்த்துக் கேட்டார்: "சாமி படமா?"

கண்ணாடி சித்தூரில் இருக்கிறது, நாமமும் அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும், "அவுனு" என்றேன். டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டிமேல் படத்துக்கு இடம் கிடைத்தது. நான் சென்னைவரை நின்றேதான் வந்தேன்.

கதவைத் திறந்ததும் வசந்தி கேட்டது, "திருப்பதி போயிட்டு வந்தியே, லட்டு எங்க?"

வெள்ளையடித்தோம். இளம்பச்சை, வசந்தியின் தேர்வு. ஊர்வலத்தை மாட்டினேன். முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் என் கையை வைத்து நாலு விரல் விட்டேன். வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும், படம் சரியாக மாட்டவில்லையே, குதிரை நடுவில் பிளந்து நிற்கிறதே என்கிறார்கள். தாமு சாப்பாட்டைக்கூடப் படமெடுக்காமல் அந்த நாலு விரல் இடைவெளியைப் படமெடுத்தான்.

போன வாரம் போன் வந்தது. பின்னணியில் மேளச் சத்தம். "அண்ணா, கிரகப்பிரவேசம் ஆயிட்ச்சி. பால் நல்லா பொங்கிட்ச்சி. உன் சத்தியம் தீந்துச்சி, இனிமே ஒட்டிக்கோ. எங்கூட்டுது மட்டும் மடிச்சபடியே இருக்கட்டும், மாடி கட்டணும்."

போனை வைத்த கையோடு சுத்தியலை எடுத்தேன். ஐந்து வருஷக் காத்திருப்பு, மூன்று தோசைக் கண்ணீர், ஒரு சத்தியம், எல்லாம் இதற்குத்தானே? ஸ்டூலில் ஏறிப் பழைய ஆணியைப் பிடுங்கி, புதிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். சமையலறையிலிருந்து வசந்தி வந்தாள். இடைவெளியைப் பார்த்தாள், இளம்பச்சைச் சுவரைக் கோடியிலிருந்து கோடிவரை பார்த்தாள்.

"இப்பத்தானே வெள்ளையடிச்சிருக்கோம்," என்றாள். "கொஞ்ச நாள் போகட்டுமே."

ஆணியைப் பழைய ஓட்டையிலேயே அடித்துவிட்டு இறங்கினேன்.